கைவினைக் கத்தியின் பிடி: வேலையின் நடுவே செய்யப்படும் திருத்தங்கள்

கையால் செய்யப்படும் கத்தியின் பிடியை வேலை பாதி நடந்துகொண்டிருக்கும் நிலையில் திருத்தி அமைப்பது, முன்கூட்டித் திட்டமிடத் தெரியாதவரின் தடுமாற்றம் என்று பலராலும் கருதப்படுகிறது. அக்கருத்து பொருந்தாது என்பதையும், அத்தகைய திருத்தம் கத்தித் தொழிலின் இயல்பான அங்கமே என்பதையும், ஆனால் அதற்கு எஃகும் மரமும் பசையும் விதிக்கும் கெடுக்கள் உண்டு என்பதையும், அந்தக் கெடுக்களை அறிந்து வேலையை வரிசைப்படுத்துவதில்தான் கைவினைஞரின் தேர்ச்சி வெளிப்படுகிறது என்பதையும் விளக்குவது இச்சொற்பொழிவின் நோக்கம்.

கத்தியை அலகு, பிடி என இரு கூறுகளாகப் பிரிக்கலாம். வெட்டும் விளிம்பும் அதற்கு எதிர்ப்புறமுள்ள முதுகும் சேர்ந்த இரும்புப் பகுதி அலகு எனப்படும். அந்த இரும்பு பின்னோக்கி நீண்டு பிடிக்குள் செல்லும் பகுதியை இங்கு வால் என்று குறிப்பிடலாம். அலகின் தரத்தைப் பெரும்பாலும் அளவுகளைக்கொண்டே முன்னதாகத் தீர்மானித்துவிட முடியும். எஃகில் உள்ள கரிமத்தின் அளவு, தகட்டின் கனம், கூரின் கோணம், சூடேற்றும் வெப்பநிலை ஆகியவை எண்களுக்குள் அடங்குபவை. பிடி அவ்வாறு அடங்குவதில்லை. தாளில் வரையப்படும் படம் பிடியின் பக்கவாட்டு உருவத்தை மட்டுமே காட்டும். பிடியின் பருமன் எங்கே கூடி எங்கே குறைய வேண்டும், உள்ளங்கையில் எந்த இடம் அழுந்தும், கத்தியின் எடை எந்த விரலின்மேல் வந்து நிற்கும் என்பனவற்றை அது காட்டாது. இவை யாவும் கத்தியைக் கையில் எடுத்துப் பிடித்த பிறகே தெரியவருவன ஆதலால், பிடியின் வடிவம் முழுவதையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவது, இன்னும் அறியப்படாத ஒன்றை அறிந்துவிட்டதாகக் கொள்வதாகும்.

கை ஒரு பொருளை எவ்வாறு பற்றுகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரிட்டன் நாட்டு உடற்கூற்று அறிஞர் ஜான் நேப்பியர். 1956இல் வெளியான தமது கட்டுரையில் அவர், மனிதக் கையின் பற்றும் அசைவுகளை வலுப்பிடி, நுண்பிடி என்று இரண்டாகப் பகுத்தார். மடங்கிய விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் இடையே பொருளை இறுக்கி, கட்டைவிரலால் எதிர்ப்புறம் அணைகொடுப்பது வலுப்பிடி. பொருளை உள்ளங்கையிலிருந்து விலக்கி, விரல் நுனிகளுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே நிறுத்தி நுணுக்கமாக இயக்குவது நுண்பிடி. சுத்தியலுக்கு வலுப்பிடியும் எழுதுகோலுக்கு நுண்பிடியும் போதும்; கத்தியோ ஒரே வேலைக்குள் இரண்டுக்கும் இடையே மாறி மாறிச் செல்கிறது. பூசணிக்காயைப் பிளக்கும்போது முழுக் கையும் பிடியை இறுக்குகிறது. அதே காயின் தோலைச் சீவும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் முன்னேறி அலகின் அடிப்பகுதியைப் பற்றிக்கொள்ள, மற்ற விரல்கள் தளர்ந்துவிடுகின்றன. ஒரே பிடி இவ்விரு நிலைகளுக்கும் இடம்கொடுக்க வேண்டியிருப்பதால்தான், பார்வைக்கு எளிய இப்பொருளின் வடிவமைப்பு இத்தனை கடினமாகிறது.

இந்தத் தேவைகளிலிருந்து சில பொதுவான நெறிகள் பெறப்படுகின்றன. பிடியின் நீளம் உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அது குறைந்தால் பின்முனை உள்ளங்கையின் தசையில் குத்தும். குறுக்குவெட்டு, அதாவது பிடியைக் குறுக்கே அறுத்தால் தெரியும் முகம், வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால், வெட்டும் விளிம்பு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே கை உணர்ந்துகொள்ளும். வட்டப் பிடி கைக்குள் சுழன்றுவிடக்கூடியது. விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பள்ளம் வெட்டுவது படத்தில் அழகாகத் தோன்றினாலும், அப்பள்ளங்கள் ஒரு கைக்கு மட்டுமே, அதுவும் ஒரு பிடிப்பு நிலைக்கு மட்டுமே பொருந்துவன; வலுப்பிடியிலிருந்து நுண்பிடிக்குக் கை நகரும்போது பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகள் விரல்களுக்கு அடியில் வந்து உறுத்தும். வேலையின் நடுவே செய்யப்படும் திருத்தங்களில் பெரும்பகுதி, நீளம், குறுக்குவெட்டு, விளிம்புகளின் மழுங்கல், விரற்பள்ளம் ஆகிய இந்த நான்கைச் சுற்றியே அமைகின்றன.

திருத்தத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை நிர்ணயிப்பது வாலின் அமைப்பு. ஜப்பானின் ஒசாகா மாநிலத்தைச் சேர்ந்த சகாய் நகரில் சமையற்கத்தி செய்யும் வேலை நெடுங்காலமாகப் பகிர்ந்தே நடைபெறுகிறது. அலகை அடித்து உருவாக்குபவர் ஒருவர், சாணை பிடித்துக் கூரேற்றுபவர் இன்னொருவர், பிடி பொருத்துபவர் வேறொருவர். மக்னோலியா இனத்தைச் சேர்ந்த எடை குறைந்த மரத்தில் பிடி கடைந்து, அதன் வாயில் எருமைக்கொம்பு வளையம் பொருத்தி, குறுகலான வாலைச் சூடாக்கி மரத்துக்குள் இறக்குவது அவர்கள் வழக்கம். அலகு முழுமையடைந்த பிறகே பிடி வந்து சேர்வதாலும், தேய்ந்த பிடியைக் கழற்றிப் புதியது மாட்ட முடிவதாலும், வட்டச்சாயல், ஒருபக்க முனைப்பு, எண்கோணம் என வேறுவேறு வடிவங்களிலிருந்து கைக்கு ஏற்றதைக் கடைசி நேரத்திலும் தேர்ந்துகொள்ளலாம். தமிழ்நாட்டுக் கொல்லுப் பட்டறைகளில் அரிவாளின் வாலைக் காய்ச்சி மரப்பிடிக்குள் அடித்து இறக்கி, மரம் பிளக்காதிருக்க வாயில் பூண் மாட்டும் முறையும் இதே வகையைச் சேர்ந்தது.

பின்லாந்தின் பூக்கோ என்னும் கத்தியில் திருத்தத்துக்கான வாய்ப்பு இன்னும் நுட்பமாக அமைந்திருக்கிறது. கைக்காப்புத் தடை எதுவும் இல்லாத அந்தச் சிறு கத்தியின் ஒல்லியான வால், பிடியின் நீளம் முழுவதையும் ஊடுருவிச் சென்று பின்முனையில் அடித்து மழுக்கப்படும். பிர்ச் மரப்பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, வாலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக்கி அழுத்தி, அதன் பிறகே அந்த அடுக்கைச் செதுக்கி வடிவம் கொடுக்கின்றனர். இம்முறையில் பிடியின் உருவம் உள்ளே இருக்கும் எஃகுக்குக் கட்டுப்பட்டதன்று. வால் வெளியே தெரியும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் செதுக்கிக்கொண்டே போகலாம்.

இவ்விரண்டுக்கும் எதிர்நிலையில் இருப்பது முழுவால் கத்தி. இதில் வாலே பிடியின் உருவத்தைக் கொண்டிருக்கும். அதன் இருபுறமும் மரத்தாலோ வேறு பொருளாலோ ஆன பக்கக்கட்டைகள் ஒட்டப்பட்டு, குறுக்கே செல்லும் ஆணிகளால் பிணைக்கப்படும். வட அமெரிக்கக் கைவினைக் கத்திகளில் இவ்வமைப்பு பரவியதில் ராபர்ட் லவ்லெஸ் என்பவரின் பங்கு பெரிது. 1929இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் பட்டறை நடத்தி, 2010இல் மறைந்த அவர், பின்முனையை நோக்கி வாலின் கனத்தைப் படிப்படியாகக் குறைத்துச் செல்லும் முறையை மிகுந்த செம்மையுடன் கையாண்டவர். முழுவால் கத்தி உறுதியானது. ஆனால் அதன் பிடியின் பக்க உருவம் முதல் நாளிலேயே எஃகில் வெட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே, நடுவே திருத்தும் கலைக்கு மிகக் கடுமையான சோதனை இவ்வகைக் கத்தியிலேதான் நிகழ்கிறது என்பதால், அதன் கட்டங்களை ஒவ்வொன்றாக நோக்குவது தகும்.

முதற்கட்டம், சூளைக்குச் செல்லுமுன் எஃகு மென்மையாக இருக்கும் நிலை. இந்நிலையில் எஃகை அறுக்கவும் அராவவும் துளைக்கவும் எளிது. ஆனால் எடுத்ததைத் திரும்பச் சேர்க்க இயலாது. ஆதலால் வாலின் உருவத்தைக் கோட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுவதும், எங்கும் கோட்டைத் தொடாமல் நிறுத்துவதும் அறிவுடைமை. அதன்பின் மலிவான மரத்துண்டுகள் இரண்டை இருபக்க ஒட்டுநாடாவால் வாலில் தற்காலிகமாக ஒட்டி, முனைகளை உத்தேசமாக உருட்டி, கையில் பிடித்துப் பார்க்கும்போது, படத்தில் மறைந்திருந்த குறைகள் பெரும்பாலும் இங்கேயே வெளிப்பட்டுவிடும். சுட்டுவிரலுக்கான பள்ளம் குறுகலாக இருந்தால் அதை அகலப்படுத்தலாம். பின்முனையின் கீழ்வளைவு சிறுவிரலை நெருக்கினால் அதைக் குறைக்கலாம். பிடி நெடுகிலும் நேர்க்கோடாக இருந்து கையில் தங்காமல் வழுக்கினால், முதுகுப் பக்கத்தில் மெல்லிய வளைவு கொடுக்கலாம். விட்டுவைத்த அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இத்திருத்தங்கள் அனைத்தும் நிகழ்கின்றன. அவ்வாறு விட்டுவைக்காதவருக்குத் திருத்தும் வழி ஏதும் எஞ்சுவதில்லை.

எடையின் சமநிலையையும் இக்கட்டத்திலேயே சீர்செய்ய வேண்டும். 110 மில்லிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு வாலை எடுத்துக்கொண்டால், எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம் என்பதால், வால் மட்டுமே 76 கிராம் அளவுக்கு எடை கொள்ளும். இதில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று இட்டால் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை நீங்கும். பத்துத் துளைகளால் ஏறத்தாழ 9 கிராம் நீங்கும். அதற்குப் பதிலாக, முன்புறம் 4 மில்லிமீட்டராக உள்ள கனத்தைப் பின்முனையில் 2 மில்லிமீட்டராகக் குறைத்துச் சென்றால், 19 கிராம் நீங்குவதோடு அந்த இழப்பு பெரும்பாலும் பின்பகுதியிலேயே நிகழ்வதால், கத்தி சமநிலையில் நிற்கும் புள்ளி சுட்டுவிரலை நோக்கி முன்னே நகரும். பிடி பின்னோக்கிச் சாய்கிறது என்று கை சொல்லும் குறைக்கு இதுவே தீர்வு. பக்கக்கட்டைகளை ஒட்டிய பிறகு இதைச் செய்ய வழியில்லை.

இரண்டாம் கட்டம், தோய்ச்சல். எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் சட்டென்று ஆற்றிக் கடினமாக்குவதே தோய்ச்சல் எனப்படுகிறது. 0.84 விழுக்காடு அளவில் கரிமம் கொண்டதும் கத்தி செய்யப் பரவலாகப் பயன்படுவதுமான 1084 வகை எஃகை ஏறத்தாழ 815 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றித் தோய்ப்பர். பின்னர், கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை நீக்க 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துவர். இவ்வாறு கடினமடைந்த எஃகில் சாதாரணத் துளைக்கருவி ஏறாது. நுனி மழுங்கி வழுக்கும். ஆகவே ஆணித்துளைகளின் இடமும் எண்ணிக்கையும் தோய்ச்சலுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பின்னால் மனம் மாறக்கூடும் என்று கருதுவோர், ஆணிக்குத் தேவையான துளைகளோடு கூடுதலாகச் சில துளைகளையும் இட்டுவைப்பது நல்ல வழக்கம். அவை எடையைக் குறைக்கும், பசை ஊடுருவி இருபுறமும் இணைய இடம்கொடுக்கும், ஆணியின் இடத்தை மாற்ற நேர்ந்தால் மாற்றுவழியாகவும் நிற்கும்.

தோய்ச்சலுக்குப் பின் வாலின் உருவத்தைச் சிறிது மாற்றுவது இயலாததன்று. ஆனால் அதற்குச் சாணைச்சக்கரமே துணை, அரம் பயன்படாது. சக்கரத்தின் உராய்வால் எஃகு நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் அது பதப்படுத்திய வெப்பநிலையைக் கடந்துவிட்டது என்று பொருள். அச்சூடு அலகை நோக்கிப் பரவினால் வெட்டும் விளிம்பின் கடினம் குன்றும். ஆகவே கையுறையின்றி வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, சூடு உறைக்கும்போதெல்லாம் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, சிறிது சிறிதாகத் தேய்ப்பதே முறை.

மூன்றாம் கட்டம், பக்கக்கட்டைகளை ஒட்டுதல். இக்கட்டத்தில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. பக்கக்கட்டைகளின் முன்முனைகள், அதாவது அலகை நோக்கியிருக்கும் முகங்கள், ஒட்டிய பிறகு அலகுக்கு மிக அருகில் அமைந்துவிடுவதால், அவற்றை அராவினாலோ உப்புத்தாளால் தேய்த்தாலோ மெருகேறிய அலகில் கீறல் விழும். எனவே இரண்டு கட்டைகளையும் ஒரே ஆணிகளில் கோத்துச் சேர்த்துப் பிடித்து, அவற்றின் முன்முனைகளை ஒரே சாய்வில் வளைத்து, இறுதி மெருகு வரை முடித்த பின்னரே பசையிட வேண்டும். அந்தச் சாய்வு செங்குத்தாக இருக்க வேண்டுமா, பின்னோக்கிச் சரிய வேண்டுமா என்ற முடிவு நுண்பிடியில் கட்டைவிரல் எங்கே அமர்கிறது என்பதைப் பொறுத்தது. செங்குத்தான முனை கட்டைவிரலின் பக்கத்தில் விளிம்பாக உறுத்தும் என்பதால், ஒட்டுவதற்கு முன் ஆணிகளை வெறுமனே செருகி, பலமுறை பிடித்துப் பார்த்து இதை முடிவுசெய்தல் வேண்டும்.

இரு குழாய்களில் வரும் எபாக்சிப் பசையே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பரப்புகளைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப்பசை போக அசிட்டோனால் துடைத்து, மிதமான அழுத்தத்தில் கவ்வியிட்டு, ஒரு நாள் முழுவதும் ஆறவிட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, பிணைப்பு வலுவிழக்கும். ஒட்டிய பிறகு பெருங்குறை தெரியவந்தால் மீள வழி உண்டு. பசையை இளக்கத் தேவையான சூடு எஃகைப் பதப்படுத்திய 200 டிகிரியைவிட மிகக் குறைவு என்பதால், அலகுக்குத் தீங்கின்றிக் கட்டைகளைக் கழற்றிவிட முடியும். ஆனால் அக்கட்டைகள் பெரும்பாலும் பிளந்து வீணாகும். அதே காரணத்தால், பித்தளை ஆணித்தலைகளைச் சாணையில் வேகமாகத் தேய்க்கும்போது சூடேறும் உலோகம், தன்னைச் சுற்றியுள்ள பசையை இளக்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காம் கட்டம், ஒட்டிய கட்டைக்கு உருவம் கொடுத்தல். பிடியின் பருமனும் குறுக்குவெட்டும் இங்கேதான் முடிவாகின்றன; திருத்தத்துக்கு மிக விரிந்த இடமும் இங்கேதான் இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள கட்டைகள் இரண்டும் 4 மில்லிமீட்டர் எஃகும் சேர்ந்து 20 மில்லிமீட்டர் பருமன் கொண்ட சதுரமுனைப் பிடி முதலில் கிடைக்கிறது. அதை நேரடியாக உருட்ட முற்படாமல், நான்கு மூலைகளையும் பிடியின் நீளத்துக்குச் சாய்வாக அராவி எட்டுப் பட்டைகளாக்கி, அவற்றின் இடையே தோன்றும் விளிம்புகளை மீண்டும் அராவிப் பதினாறு பட்டைகளாக்கி, அதன் பின்னரே உப்புத்தாளால் உருட்ட வேண்டும். பட்டைகளின் அகலத்தை இருபுறமும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதால் பிடி ஒருபுறம் பருத்து மறுபுறம் மெலியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் நின்று கையில் பிடித்துப் பார்க்கவும் இயலும். சுட்டுவிரல் மடியும் முன்பகுதியில் பருமனைக் குறைத்து, உள்ளங்கையின் குழிவு அமரும் நடுப்பகுதியில் நிறுத்தி, பின்முனைக்குச் சற்று முன்னே மீண்டும் மெலித்து, முனையில் விரித்துவிடும் வடிவம் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவருகிறது. நடுப்பகுதியின் புடைப்பு அரை விரல் அளவு முன்னே தள்ளியிருந்தால் நடுவிரல் விரிந்து வலுப்பிடி தளரும். பின்னே தள்ளியிருந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் அழுந்தும். இந்த இடத்தை எந்த அளவுகோலும் சொல்லித் தராது. பிடிப்பதும் அராவுவதும் மீண்டும் பிடிப்பதுமே வழி.

பொருளின் தன்மையும் திருத்தத்தைக் கோருவதுண்டு. மரம் தன் நீளவாக்கில் மிகச் சிறிதே சுருங்கும், குறுக்குவாக்கில் பல மடங்கு சுருங்கும். முழுவால் கத்தியில் எஃகோடு சமமாக மெருகிடப்பட்ட மரம் வறண்ட பருவத்தில் குறுக்கே சுருங்கும்போது, எஃகின் விளிம்பு மயிரிழை அளவு வெளியே நீண்டு உள்ளங்கையை அறுப்பதுபோல் உறுத்தும். நன்கு உலர்ந்த மரத்தையே எடுப்பதும், எஃகின் விளிம்பையும் மரத்தோடு சேர்த்து மழுக்கிவிடுவதும் இதற்குரிய காப்புகள். கத்தி எப்போதும் ஈரத்தில் புழங்கப்போகிறது என்பது வேலையின் நடுவில் தெரியவந்தால், மரத்தைக் கைவிட்டு மைக்கார்ட்டாவுக்கு மாறுவது பொருத்தம். துணியையோ தாளையோ பீனாலிக் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யப்படும் அப்பொருள், 1910ஆம் ஆண்டளவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தால் மின்காப்புக்காக உருவாக்கப்பட்டது. ஈரத்தால் மரம்போல் அசையாது, நனைந்த கையிலும் வழுக்குவது குறைவு. வாலின் துளைகளை மாற்றாமலே பக்கக்கட்டைகளின் பொருளை மட்டும் மாற்றிவிடலாம் என்பது முழுவால் அமைப்பு தரும் சலுகை. மைக்கார்ட்டாவின் தூளும் ஈட்டி, கருங்காலி போன்ற மரங்களின் தூளும் நுரையீரலுக்குக் கேடு செய்வதால், இவ்வேலை முழுவதிலும் மூச்சுக்கவசம் இன்றியமையாதது.

எந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அலகும் வாலும் சேருமிடத்தில் விசை மிகுதியாகக் குவிவதால், அவ்விடத்தில் விரற்பள்ளத்தை ஆழமாக்குவதோ, உள்மூலையைக் கூர்மையாக விடுவதோ முறிவுக்கு வழிவகுக்கும். அங்குள்ள மூலைகள் எப்போதும் வளைவாகவே இருக்க வேண்டும். ஆணிக்கும் கட்டையின் ஓரத்துக்கும் இடையே போதிய மரம் எஞ்சாத அளவுக்குப் பிடியை மெலித்தால் கட்டை பிளக்கும். கைக்கு எவ்வித நன்மையும் தராமல் கண்ணுக்காக மட்டும் செய்யப்படும் மாற்றங்களை வேலையின் நடுவில் தொடங்காதிருப்பது நலம். அவை எடுத்துக்கொள்ளும் பொருள், பின்னால் கை கேட்கும் திருத்தத்துக்கு இல்லாமல் போய்விடும்.

இறுதி மெருகுக்கு முன் ஒரு சோதனை கட்டாயம் நடைபெற வேண்டும். அதுவரை கூரேற்றப்படாமலும் சுற்றிக் கட்டப்பட்டும் இருந்த அலகுக்குக் கூரேற்றி, கத்தி எந்த வேலைக்கென்று செய்யப்பட்டதோ அந்த வேலையையே அரை மணி நேரமாவது இடைவிடாது செய்து பார்க்க வேண்டும். கண நேரம் பிடித்துப் பார்க்கும்போது இனிதாகத் தோன்றும் பிடி, நீடித்த வேலையில் உள்ளங்கையைச் சிவக்க வைக்கும் இடங்களைக் காட்டிக்கொடுக்கும். அச்சிவப்பு படிந்த இடத்துக்கு நேரே பிடியில் இருக்கும் மேடுதான் இன்னும் அராவப்பட வேண்டிய இடம். நனைந்த கையாலும் இடக்கையாலும், தம்மினும் சிறிய கையும் பெரிய கையும் உடைய பிறராலும் பிடிக்கச்செய்து பார்ப்பது, ஒருவர் கைக்கு மட்டும் செய்யப்பட்ட பிடியைப் பலர் கைக்கும் ஏற்றதாக்கும்.

கத்தித் தொழிலைக் கற்பிக்கும் பட்டறைகளும் தாமே முயன்று கற்போரும் இதை ஒரு பாடமாகவே கொள்ள வேண்டும்: எஃகு மென்மையாக இருக்கும்போது உருவத்தையும் எடையையும், தோய்ச்சலுக்கு முன் துளைகளையும், பசைக்கு முன் முன்முனைகளையும், மெருகுக்கு முன் பருமனையும் முடிவுசெய்க, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்துக்கென்று சிறிது பொருளை விட்டுவைக்க. திருத்தி முடித்த பிடியின் உருவத்தை, வேலை முடிந்த கையோடு புதிய அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால், அடுத்த கத்தியின் வரைபடம் கை ஒருமுறை சரிபார்த்த வரைபடமாக இருக்கும். இவ்வாறு திருத்தத்துக்கு இடம் வைத்துச் செய்யப்படும் கத்தியே நல்ல கத்தி.